கோடரியும் கடன் ஏடும்: மேற்கு பேர்லின் இசைக்குழு ஒன்றின் வரலாறு

1971 டிசம்பர் 3ஆம் நாள் மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சியில் வெகுசன இசை பற்றிய விவாதமொன்று நடைபெற்றது. அதிற் பங்குபற்றிய நிக்கல் பல்லாற் என்னும் இளைஞர், முதலாளித்துவத்தின் கருவியாகிய தொலைக்காட்சியை வன்மையாகச் சாடிவிட்டு, மறைத்துக் கொணர்ந்த கோடரியை எடுத்து முன்னிருந்த மேசையைக் கொத்தத் தொடங்கினார். பலமுறை கொத்தியும் மேசை உடையவில்லை. பின்னர் ஒலிவாங்கிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் வரி அலுவலராக இருந்த இவர் ‘ரோன் ஸ்ரைன ஷேர்பன்’ என்னும் றொக் இசைக்குழுவைச் சேர்ந்தவர். களிமண், கற்கள், ஓட்டுச் சில்லுகள் என்பது அப்பெயரின் பொருள். முதற்சொல்லுக்கு ஒலி என்ற பொருளும் உண்டு. கட்டடத் தொழிலாளர் சங்கமொன்றின் பெயரையும் அது நினைவூட்டிற்று.

இக்குழுவினரின் கோடரியைப் பலர் அறிவர். அவர்களின் கடன் ஏட்டை அறிந்தோர் சிலரே. வரலாற்று மாணவனுக்கு இரண்டாவதே பெரிதும் பயன் தருவது என்பது என் கருத்து.

குழுவின் உயிராக விளங்கியவர் றியோ றைசர். 1950இல் பேர்லினில் பிறந்த இவர், சகோதரருடன் வீதி நாடகங்களில் ஈடுபட்டவர். தொழில் பழகும் இளைஞரைக் கொண்டு, அவர்களது வாழ்க்கையையே நாடகமாக்கியவர். அக்காலத்து மேற்கு ஜேர்மன் றொக் இசைஞர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடினர். இதனை வெறும் அந்நிய மோகம் என்று ஒதுக்கிவிடுதல் தவறு. பிரெக்ட்டும் ஐஸ்லரும் வளர்த்த தொழிலாளர் பாட்டு மரபு 1933இல் நாஸிகளால் அறுக்கப்பட்டது. தாய்மொழியில் எஞ்சியவை நாஸி அணிவகுப்புப் பாட்டின் கறைபடிந்த நினைவும், வானொலியின் சருக்கரைப் பாட்டுமே. இவ்வாறு மாசுபட்ட மொழியில் எவ்வாறு கோபத்தைப் பாடுவது? இவர்கள்தாம் முதல்வர் என்பதற்கில்லை. நூரன்பேர்க் நகரின் ‘ஈர கிண்டர்’ குழு முன்னரே ஜேர்மன் மொழியிற் பாடியது. ஆயினும் பேர்லின் தொழிற்சாலை வாயிலிலும் மதுச்சாலையிலும் வழங்கிய பேச்சை அதன் கொச்சையோடும் கரகரப்போடும் றொக் இசைக்குள் கொணர்ந்த பெருமை றைசருக்கே உரியது.

உங்களைச் சிதைப்பதைச் சிதையுங்கள் என்னும் பொருள்பட்ட தலைப்புடன் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. பெரிய கம்பனிகளை நாடாது தாமே ஒரு பதிப்பகம் அமைத்தனர். கோலியாத்தை வீழ்த்திய தாவீதின் பெயரை அதற்கு இட்டு, கவணைச் சின்னமாகக் கொண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் ஃபேமாண் தீவில் நடந்த இசைவிழாவில் (ஜிமி ஹென்ட்றிக்ஸ் இறுதியாகத் தோன்றிய பெருமேடை அதுவே) அமைப்பாளர் பணத்துடன் மறைந்துவிட, இவர்களின் நிகழ்ச்சியுடன் தீயும் எழுந்தது. குழுவின் பெயர் எங்கும் பரவிற்று.

எனினும், தீயைவிடக் கட்டடமே முக்கியமானது. கிறொய்ற்ஸ்பேர்க் பகுதியில் பெத்தானியன் மருத்துவமனை 1970இல் மூடப்பட்டது. வீடற்ற இளைஞர் நிறைந்த அப்பகுதியில் தாதியர் விடுதி வெறுமையாய்க் கிடந்தது. 1971 டிசம்பர் 4ஆம் நாள் ஜோர்ஜ் ஃபொன் றௌஹ் என்னும் தீவிரவாத இளைஞர் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாட்களின் பின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் இக்குழு பாடியது. பாட்டு முடிந்தது, கூட்டம் கலைந்து வீடு செல்லவில்லை, விடுதிக்குச் சென்று அதைக் கைப்பற்றி, இறந்தவரின் பெயரை அதற்குச் சூட்டியது. அந்நிகழ்ச்சியைப் பாடிய பாட்டு 1972இல் வெளிவந்த இரட்டை இசைத்தட்டில் இடம்பெற்றது. பாட்டு செயலாகி, செயல் மீண்டும் பாட்டாகிய இத்தகைய தருணங்கள் கலை வரலாற்றில் அரியன.

இங்குதான் இடர்ப்பாடும் தொடங்கிற்று. ஒவ்வொரு ஆதரவுக் கூட்டமும் இவர்களை அழைத்தது. ஊதியம் கேட்டால் தோழமைக்கு இழுக்கு என்றது. உழைப்பின் மதிப்பை நாளெல்லாம் பேசிய இயக்கத்தார், பாடகனின் தொண்டையும் உழைக்கும் உறுப்பே என்பதை எண்ணிப் பார்த்தாரல்லர். புதிய பாட்டொன்று காதலைப் பேசினால், கொள்கை தளர்ந்தது என்ற குற்றச்சாட்டு வேறு. றைசர் தன்பால் விருப்பினர். அதனை ஏற்கும் பக்குவமும் அன்றைய இடதுசாரிகள் எல்லோரிடமும் இருக்கவில்லை. 1975இல் குழுவினர் பேர்லினை நீங்கி, வடகோடியிலுள்ள ஃபிறேசன்ஹாகன் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டிற் குடியேறினர். சிலர் இதனை ஓட்டம் என்றனர். நான் அவ்வாறு கூறேன். களைத்தவன் அமர்வது ஓட்டமன்று.

அங்கும் நல்ல பாட்டுகள் பிறந்தன. 1981இலும் 1983இலும் புதிய இசைத்தட்டுகள் வந்தன. பின்னாளில் பசுமைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான குளோடியா றோத் 1982 முதல் குழுவின் முகாமையாளராக இருந்தார். கடன் மட்டும் குறையவில்லை. 1985இல் குழு கலைந்தது. வெளிப்பகைவர் எவரும் இவர்களைக் கலைக்கவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

மறுவருடம் றைசர், எந்தக் கம்பனி வகையை எதிர்த்துக் கவண் ஏந்தினாரோ அத்தகைய பெருங்கம்பனி ஒன்றில், ஜேர்மனியின் அரசனானால் என்ன செய்வேன் என்ற எள்ளற் பாட்டை வெளியிட்டு நாடறிந்தவரானார். அவரை அவ்வழியிற் செலுத்தியவற்றுள் பழைய கடனும் ஒன்று. அதனைக் காட்டிக்கொடுப்பு என்றோருக்கு, 1990இல் அவர் ஜனநாயக சோசலிசக் கட்சியில் இணைந்தமை வியப்பளித்திருக்கும். 1996இல் 46 வயதில் இறந்தார். பண்ணையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பண்ணை விற்கப்பட்டபோது, 2011இல், அவரது எச்சங்கள் பேர்லினுக்குக் கொண்டுவரப்பட்டன.

2022 ஓகஸ்டில் கிறொய்ற்ஸ்பேர்க்கின் ஹைன்றிஹ் சதுக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்போது கலாசார அமைச்சராயிருந்த குளோடியா றோத்தும் அவ்விழாவிற் பேசினார். சிறிது தூரத்தில், 1971இல் கைப்பற்றப்பட்ட தாதியர் விடுதி, 50 ஆண்டு கடந்தும் இளைஞரின் கூட்டு இல்லமாகவே நின்றது.