எம்டன் முதல் வாட்ஸப் வரை

"அவன் சரியான எம்டன்டா"ன்னு நம்ம ஊர்ல இன்னமும் சொல்வாங்க இல்லையா? அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. மொத்தமே அரை மணி நேர வேலைதான். ஆனால் பீதியில் ஆயிரக்கணக்கான பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

கப்பலை நவம்பர் 9-ம் தேதியே கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று முடித்துவிட்டது. ஒரு செய்தி மட்டும் சாகவில்லை. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்பதுதான் அது. மேடையிலும் கட்டுரையிலும் இன்றைக்கும் ஓடுகிறது. தேதியை வைத்துப் பாருங்கள்: எம்டன் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது ஜூலை கடைசியில். பிள்ளை அந்த வருஷம் இருந்தது சுவிட்சர்லாந்தில். அங்கிருந்து பெர்லின் போனது அக்டோபரில். அப்புறம் எப்படிக் கப்பலில் ஏறுவார்? அவருடைய தியாகத்துக்கு இந்தக் கதை தேவையே இல்லை.

சரி, இது பழங்கதை. 2023 மார்ச்சுக்கு வருவோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் காதில் விழும். இரும்பு உருக்காலைகளில் பீகார், ஒடிசா ஆட்கள் நிறையப் பேர். அந்த மாசம் அவங்க போனில் வந்த செய்தி: இந்தி பேசினதுக்காக தமிழ்நாட்டில் பீகார்க்காரங்களைத் தூக்கில் தொங்கவிடுறாங்க. கூடவே ரத்தமும் வெட்டுக்குத்துமாக வீடியோக்கள். ஊரில் இருக்கிற அம்மாவுக்கும் அதே வீடியோ போகும். பிள்ளையை நினைத்து அந்த அம்மா எப்படித் தூங்கியிருப்பார்?

வீடியோ என்னவோ நிஜம்தான். சேதிதான் பொய். ஒன்று பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை. ரயில் நிலையக் கூட்டத்தைக் காட்டி 'தப்பி ஓடுகிறார்கள்' என்றார்கள். அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் எந்த வருஷம்தான் இல்லை?

'போலீஸ் மறுத்தா நம்பணுமா?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. தன் மாநிலத்துப் பெயர் கெடும்போது தமிழக போலீஸ் மறுக்கத்தான் செய்யும். ஆனால் பீகார் அரசு தன் அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. அவர்களும் நேரில் விசாரித்துவிட்டு அதையேதான் சொன்னார்கள். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட தரப்பே வந்து பார்த்து 'இல்லை' என்கிறதே, அந்த சாட்சிக்கு எடை ஜாஸ்தி.

அதனால் எந்தச் செய்தி வந்தாலும் நான் கேட்டுக்கொள்வது மூன்றே கேள்வி. எந்த ஊர், எந்தத் தேதி? சொல்கிறவர் நேரில் பார்த்தாரா? இதனால் லாபமில்லாத ஒருத்தரும் இதையே சொல்கிறாரா?

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஃபார்வர்டு பண்ணாதீங்க மக்களே. நாம் அழுத்துகிற அந்த ஒரு பட்டன், அடுத்த ஷிப்ட்டுக்குப் போகிற ஒருத்தனை பயந்துபோய் ரயிலேற வைத்துவிடும்.