இரண்டு மணிக்கூடுகள்

2002 ஏப்ரலில் கண்டி வீதி மீண்டும் திறக்கப்பட்டபோது, வவுனியாவிலிருந்து வடக்கே புறப்பட்ட பயணிக்கு அடையாள அட்டை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. மணிக்கூட்டையும் அவன் கவனிக்க வேண்டியிருந்தது. ஓமந்தைச் சாவடியில் ஒன்பது மணியென்றால், அதற்கப்பால் புளியங்குளத்தில் எட்டரை மணி. சில மைல் தொலைவில் அரைமணி நேரம் பின்வாங்கியது. சூரியன் இரு பக்கமும் ஒன்றாகவே உதித்தான். நேரத்தை விதிக்கும் அதிகாரந்தான் இரண்டாக இருந்தது.

இந்த விந்தையின் வரலாறு நீண்டதன்று. 1906 முதல் இலங்கையின் நேரம் கிரீனிச்சை விட ஐந்தரை மணி முந்தியதாக இருந்தது. உலகப்போர்க் காலத்தில், 1942 இல் முன்தள்ளப்பட்ட மணிக்கூடு 1945 இல் பழைய இடத்துக்கு வந்தது. பின்னர் 1996 இல் வரட்சியால் நீர்மின்சாரம் குன்றி, நாடு மின்வெட்டில் தவித்தபோது, பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்தும் நோக்குடன் அவ்வாண்டு மே 25 ஆந் தேதி நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஐந்து மாதங்களில், ஒக்டோபர் 26 இல், அதில் பாதி திருப்பி எடுக்கப்பட்டது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரல் 15 வரை நிலைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதிகளோ இம்மாற்றங்கள் எதனையும் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நேரம்.

இதனை ஒரு வேடிக்கையாகக் கருதிச் சிரித்துவிட்டுப் போவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அப்பகுதிகளிற் கடமையாற்றிய ஆசிரியரும் வைத்தியரும் கச்சேரி இலிகிதரும் கொழும்பு அரசாங்கத்தின் சம்பளத்தைப் பெற்றவர்கள். அவர்கள் வாழ்ந்த ஊர் ஒரு நேரத்தில் இயங்கியது; அவர்களுக்குச் சம்பளம் வகுத்த திணைக்களம் இன்னொரு நேரத்தில் இயங்கியது. வரவுப் பதிவேட்டில் ஒருவர் 8.30 என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், அது எந்த எட்டரை? அந்த ஏட்டில் நேரம் உண்டு. யாருடைய நேரம் என்பது இல்லை.

கடதாசியின் இக்குறை கணினி வந்ததும் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. 1996 மே 24 ஆந் தேதி இரவு பத்து மணிக்குக் கடமையேற்று மறுநாட் காலை ஆறு மணிக்கு வெளியேறிய ஒரு கொழும்புத் தாதியை எண்ணிப் பாருங்கள். மணிக்கூட்டின்படி எட்டு மணித்தியாலம், உழைத்ததோ ஏழு. 2006 ஏப்ரல் 14 ஆந் தேதி இரவு அதே கடமையைச் செய்தவரின் கணக்கும் எட்டுத்தான். ஆனால் அவர் எட்டரை மணித்தியாலம் உழைத்திருந்தார். நள்ளிரவுக்குப் பிந்திய அரைமணி அன்று இருமுறை வந்துபோனது. வந்த நேரத்தை வெளியேறிய நேரத்திலிருந்து கழிப்பதையன்றி வேறொன்றும் அறியாத மென்பொருளுக்கு அந்த அரைமணி ஒருபோதும் தென்படாது. ஊழியர் ஏமாற்றவில்லை, இயந்திரமும் பழுதாகவில்லை. ஆயினும் கணக்குப் பிழை.

இப்பிழையைத் தவிர்ப்பதற்காக உலகின் கணினிகள் பெரும்பாலானவை ஒரு பொது நேரவலயத் தரவுத்தளத்தை நம்பியிருக்கின்றன. ஆதர் டேவிட் ஓல்சன் 1980 களில் தொடங்கி, போல் எகர்ட் முதலானோர் பேணி வளர்த்த ஏடு அது. அரசுகள் தம் மணிக்கூடுகளை எப்போது முன்னும் பின்னும் தள்ளின என்ற செய்தியெல்லாம் அதில் வரிவரியாக உண்டு. 'ஆசியா - கொழும்பு' என்ற பதிவருகே, தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்வோர் 'ஆசியா - கொல்கத்தா' என்ற பதிவைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பும் இடம்பெற்றது. கிளிநொச்சியின் கணினி சரியான நேரம் காட்டவேண்டுமெனின் தன்னைக் கொல்கத்தாவில் இருப்பதாக அறிவிக்க வேண்டும்! வன்னியின் வரலாற்றை எழுதுவோர் தேட நினையாத இடத்தில் அதன் ஒரு துளி இவ்வாறு தங்கியிருக்கிறது.

உழைப்பை அளக்கும் கோல் உழைப்பவன் கையில் இருந்ததில்லை என்பது வன்னி மக்களிற் பலருக்குப் பழைய அனுபவம். 1977 இன் வன்செயல்களால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டுக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய தோட்டத் தொழிலாளரைக் கேட்டால் 'அரைப்பேர்' என்றால் என்னவென்று சொல்வார்கள். காலைப் பிரட்டிலிருந்து மாலைவரை மலையில் நின்றாலும், பறித்த கொழுந்து குறித்த எடைக்கு வராவிட்டால், கணக்கப்பிள்ளையின் செக்றோலில் விழுவது பாதிப் பெயர்; கிடைப்பது பாதி நாட் கூலி. உழைத்த நாள் முழுநாள். ஏட்டிலேறிய நாள் அரைநாள். அமெரிக்காவின் ஓபர்ன் நகரில் வில்லர்ட் பண்டி என்னும் நகைக்கடைக்காரர் 1888 இல் நேரப்பதிவுக் கடிகாரத்தை ஆக்கியபோது, அது கணக்கப்பிள்ளையின் பாரபட்சத்தை ஒழிக்கும் என்று நம்ப இடமிருந்தது. பாரபட்சம் ஓரளவு ஒழிந்திருக்கலாம். ஆனால் கடிகாரத்தைத் திருத்தும் சாவி முதலாளியின் சட்டைப்பையிலேயே இருந்தது.

இன்று சாவிக்குப் பதிலாக விரல். இலங்கை அரச அலுவலகங்களில் வரவையும் வெளியேறலையும் கைவிரலடையாள இயந்திரத்தால் உறுதிப்படுத்துமாறு 2017 இல் சுற்றறிக்கை வெளிவந்தது. தாமதமாக வந்து நேரத்தோடு வந்ததாக ஒப்பமிடும் உத்தியோகத்தர் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிரசையின் வரிப்பணத்தில் அவ்வாறு செய்தல் தகாது. ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலையும் ஈர விரலையும் இயந்திரம் எளிதில் அறிந்துகொள்வதில்லை. இந்தியாவின் ஊரக வேலைத்திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் நாளுக்கு இருமுறை கைத்தொலைபேசிச் செயலியிற் படமெடுத்து வரவு பதிவது கட்டாயமாக்கப்பட்டது. அலைத்தொடர்பு கிடையாத வயல்வெளிகளில் படம் ஏறாதபோது, வெட்டிய மண் கண்முன் கிடக்க, கூலி கிடைக்காமற் போனவர்கள் உண்டு. இயந்திரம் 'இல்லை' என்று சொன்னால், தான் இருந்ததை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. செக்றோற் காலத்திலாவது கணக்கப்பிள்ளை என்று ஒரு மனிதன் இருந்தான். அவனோடு வாதாட முடிந்தது.

2025 ஆகஸ்ட் 17 மாலை இலங்கையின் அஞ்சல் ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். மேலதிக நேரக் கொடுப்பனவையும் கைவிரற் பதிவையும் பற்றிய பிணக்கு அதன் காரணங்களுள் முதன்மையானது. ஒரு வாரத்தில் அது கைவிடப்பட்டது. செய்தித்தாள்கள் தேங்கிக்கிடந்த கடிதப் பொதிகளைப் பற்றி எழுதின. பதிவு பிழைத்தால் அதைத் திருத்தும் உரிமை யாருக்கு, பதிவின் பிரதியொன்று ஊழியரிடமும் இருக்குமா என்ற கேள்விகளோ அவ்வாரத்தின் தலைப்புச் செய்திகளில் இடம்பெறவில்லை.