கொசுவத்தியும் புகைபோக்கியும்

பிள்ளைக்காக வீட்டிலிருக்கும் ரசாயனங்களைக் குறைக்க நினைக்கும் தாய்தகப்பனுக்கு முதலில் கிடைக்கும் யோசனை, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதுதான். அறையில் தங்கிய புகையும் ஆவியும் போகட்டும், நல்ல காற்று வரட்டும். சென்னையின் தென்பாதியில் இதைக் கேட்பவருக்குப் பெரிய தயக்கம் இருக்காது. வடக்கே எர்ணாவூரிலோ பெரியகுப்பத்திலோ ஆலைகள் நிறைந்த மணலியை ஒட்டிய தெருக்களிலோ இருப்பவர் மட்டும் இன்னொன்றையும் யோசித்தாக வேண்டும்: இந்நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?

வடசென்னைக் குழந்தையின் மூச்சில் இரண்டு வழிகளில் ரசாயனம் சேர்கிறது. ஒன்றைப் பெற்றோரே காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். மற்றொன்று யாரையும் கேட்காமல் வருகிறது. முதலாவதை வீட்டுக்குறிப்பாகவும் இரண்டாவதைப் போராட்டச் செய்தியாகவும் பிரித்துப் படிக்கவே நாம் பழகியிருக்கிறோம். குழந்தையின் நுரையீரலுக்கு அந்தப் பிரிவு கிடையாது. அதனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குவோம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய வீடுகளில் கொசுவுக்கு ஏதாவது செய்யாமல் ஓர் இரவும் கழியாது. அங்கே கொசுவத்திச் சுருள் அரிசி பருப்பைப் போல மாதச் சாமான். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்து அளந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. ஒரே ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்றது அது. ஃபார்மால்டிஹைடு அதிகபட்சமாக 51 சிகரெட் அளவுக்கு வந்தது. பீடி பிடிக்கும் தாத்தாவை வெளியே போகச் சொல்லும் வீடுகளில்கூட, தொட்டிலுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் சுருள் எரிகிறது. குழந்தை தன் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகமாக மூச்சிழுக்கிறது. அதுவும் தரையை ஒட்டிப் படுத்துக்கொண்டு.

இங்கே ஒரு தவறான மாற்று உடனே வந்து நிற்கும். சுருளை நிறுத்திவிட்டு வேப்பிலை மூட்டம் போடுவது, நொச்சித்தழை எரிப்பது, குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவது. இவை இயற்கையானவை, எனவே தீங்கில்லாதவை என்று நம்புகிறோம். எது எரிந்தாலும் நுண்துகள் வரும். வேம்பின் புகைக்கு அதிலிருந்து விலக்கு இல்லை. நான் கேட்டால் கொசுவலை என்றுதான் சொல்வேன். ஜன்னலுக்கு வலை அடிப்பதும் படுக்கைக்கு வலை கட்டுவதும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும் பழைய, கவர்ச்சியில்லாத வழிகள். ஆனால் அவற்றால் மூச்சில் எதுவும் சேர்வதில்லை.

அடுத்து குளியலறை. தள்ளுவண்டியில் வரும் ஆசிட்டும் பினாயிலும் பழைய தண்ணீர் பாட்டிலில், பெயர்ச்சீட்டு எதுவுமின்றி வீட்டுக்குள் வருகின்றன. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் எது, ஆசிட் பாட்டில் எது என்று தெரியாது. கறை போகவில்லையே என்று ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் எழுவது குளோரின் வாயு. கதவு சாத்திய சிறு குளியலறையில் அது ஆலை விபத்துக்குக் குறைந்ததல்ல. துணி அலமாரியில் கிடக்கும் நாஃப்தலின் பாச்சை உருண்டையும் சாதுவானதில்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்த வாடை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக் காரணமாகலாம். பாத்திரத்துக்குச் சோப்பு, பித்தளைக்குப் புளி, தரைக்கு ஈரத்துணி, அலமாரிக்குக் காய்ந்த வேப்பிலை என்று மாறும் வீட்டில் செலவு கூடாது, குறையும். பசுமை வாழ்க்கை பணக்காரர் பழக்கம் என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்பதில்லை.

இனி வெளியே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம், எர்ணாவூர்க் குப்பத்து மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது. அனுமதி வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. எச்சரிக்கைச் சங்கு எதுவும் கேட்கவில்லை என்றார்கள் மக்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆலையை மீண்டும் திறக்கக் கூடாது என்று குப்பத்துப் பெண்கள் முன்னின்று மாதக்கணக்கில் போராடினார்கள்.

அளவை மட்டும் பார்த்தால் ஒப்பீடு சங்கடமான இடத்துக்கு வருகிறது. வெளியே விபத்தில்லாத சாதாரண இரவில், தொட்டிலருகே எரியும் சுருள் தொலைவிலுள்ள புகைபோக்கியைவிட அதிகத் துகளை அந்த ஒரு குழந்தையின் மூச்சில் சேர்க்கக்கூடும். புகைபோக்கி உயரமானது, அதன் புகை பரந்து நீர்த்துவிடும். சுருளின் புகை நாலு சுவருக்குள் நிற்கும். இதை ஆலைகளுக்கு ஆதரவான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருளைப் பெற்றோர் ஒரே விநாடியில் அணைத்துவிடலாம். 26-ஆம் தேதி இரவு அணைப்பதற்கு அவர்கள் கையில் எதுவும் இல்லை. சுருளின் அட்டைப்பெட்டியில் மருந்தின் பெயராவது இருக்கிறது. தெருமுனை வரை வந்த வாயுவுக்கு எந்த அட்டையும் இல்லை. காலையில் செய்தி பார்த்துத்தான் பலருக்கு அதன் பெயரே தெரிந்தது.

சட்டமும் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. வெளிக்காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 5-ஐத் தாண்டக் கூடாது என்றது. படுக்கையறைக் காற்றை அளக்க யாரும் வருவதில்லை. வெளியே அளந்தும் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. மணலியைக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதியாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இலேயே அடையாளம் காட்டிவிட்டது.

சில நாட்களில் உள், வெளி என்ற எல்லையே இல்லாமல் போகிறது. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு, மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து, எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. சுவரில் பிடித்த அந்தக் கறுப்பைப் புளியும் பூந்திக்கொட்டையும் எடுக்காது. வெள்ளம் வடிந்த வீட்டில் பிளீச்சிங் பவுடர் கட்டாயம் வேண்டும். தனியாக, சரியான அளவில், கதவு திறந்து. ரசாயனமே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் பசுமை இங்கே குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும்.

தொடக்கத்தில் கேட்ட ஜன்னல் விஷயத்துக்கு விடை காற்றில் இருக்கிறது. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து இறங்கும். மணலி திருவொற்றியூருக்கு மேற்கே இருக்கிறது. எனவே திருவொற்றியூர் வீட்டில் பிற்பகலில் திறந்து, கேஸ் வாடை அடிக்கும் இரவில் சாத்துவது பொருந்தும். அனல்மின் நிலையங்கள் வடக்கே நிற்பதால் வாடைக்காற்று மாதங்களில் கணக்கு மாறும். காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போகும் குப்பத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சாத்திய ஜன்னலுக்குள் சுருள் எரிந்தால் சாத்தியதே வீண். உள்ளே சுருளை நிறுத்துவதும் வெளிப்புகையைத் தடுப்பதும் ஒன்றையொன்று நம்பியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ராயபுரத்தையும் எண்ணூரையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்று தெரிகிறது. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரியும் இரும்புத் தாதும் ராயபுரத்து வீடுகளில் கரியாகப் படிந்துகொண்டிருந்தன. கொடியில் காயும் துணி வரை கறுப்பு. மக்கள் விடாமல் முறையிட்டார்கள். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம், அக்டோபர் முதல் அங்கே அவற்றைக் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. எந்த ஈரத்துணியாலும் முடியாததை ஒரு தீர்ப்பு செய்தது. ஆனால் நிலக்கரி நின்றுவிடவில்லை, எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. 2001-இல் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே தொடங்கப்பட்ட துறைமுகம் அது. ராயபுரத்துத் தாயின் வெற்றியில் ஒரு பங்கு எண்ணூர்த் தாயின் வாசலில் படிந்தது. வீட்டிலும் இதே கதைதான்: நாம் கழிப்பறையில் ஊற்றும் ஆசிட் சாக்கடையில் இறங்கி, கால்வாய்ப் பக்கம் குடியிருப்பவரைத் தேடிப் போகிறது.

ஆகவே எர்ணாவூரில் பிள்ளை வளர்ப்பவர் இன்றிரவே செய்யக்கூடியது சுருளை நிறுத்தி வலை கட்டுவது. மற்றதைத் தெருவாகச் சேர்ந்து கேட்க வேண்டும். குப்பத்துக்குக் கேட்கும்படி சங்கு, மாதம் ஒருமுறை ஊதிச் சோதித்தது. எந்த ஆலையில் எந்த வாயு, எவ்வளவு என்று தமிழில் எழுதிய பலகை. காற்றுத் திசை காட்டும் துணிக்கூம்பு, கடற்கரையிலிருந்தே தெரியும் உயரத்தில். அம்மோனியா தண்ணீரில் கரையும், எனவே ஈரத்துணியால் மூக்கை மூடலாம். வாயு போகும் திசையிலேயே ஓடாமல் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். இதை ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளை ஓடவிட்டே பழக்கிவைக்க வேண்டும்.