6174 (கப்ரேகர் மாறிலி)

6174 நான்கிலக்க எண்களுள் தனிச்சிறப்பு வாய்ந்தது. எல்லா இலக்கங்களும் ஒன்றாக அமையாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் விடையையும் அப்படியே செய்துகொண்டு போனால், அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்துவிடும். இதைக் கண்டறிந்தவர் மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் (1905–1986).

செய்முறை

கப்ரேகர் பிறந்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 1905-க்கு ஏழு படிகளும் தேவைப்படுகின்றன:

9510 − 0159 = 9351
9531 − 1359 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

6174-இன் இலக்கங்களை அடுக்கினாலும் அதே 7641, 1467 தான். எனவே இதன் பிறகு விடை மாறாது. இடையில் 999 போன்ற மூவிலக்க விடை வந்தால் 0999 என்று எழுத வேண்டும். முன்னுள்ள சுழியத்தை விட்டுவிட்டால் கணக்கு 0-வில் முடிந்துவிடும்.

காரணம்

இறங்குவரிசையில் உள்ள இலக்கங்களை அ, ஆ, இ, ஈ எனக் கொண்டால், கழித்து வரும் விடை 999(அ−ஈ) + 90(ஆ−இ). அதாவது, விடையைத் தீர்மானிப்பவை இரண்டே வித்தியாசங்கள். முதலாவது 1 முதல் 9 வரை இருக்கலாம்; இரண்டாவது அதை மிஞ்ச முடியாது. இப்படி அமையும் இணைகள் மொத்தம் 54. ஆயிரக்கணக்கான எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தால் நிறுவல் முழுமையாகிவிடும்; பேனாவும் தாளும் போதும்.

வரலாறு

தகாணுவில் பிறந்த கப்ரேகர், புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் பயின்று 1929-இல் பட்டம் பெற்றார். 1930 முதல் 1962 வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். முதுகலைப் பட்டம் இல்லாமலேயே எண்களின் இயல்புகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். 6174-இன் பண்பை அவர் 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். 1955-இல் 'ஸ்கிரிப்டா மேதமேட்டிகா' இதழில் அது பற்றிய கட்டுரை வெளியானது. 1975-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்தியில் கப்ரேகரைப் பற்றி எழுதியபின் உலகெங்கும் அவர் பெயர் பரவியது.

பிற இலக்க எண்கள்

மூன்றிலக்க எண்கள் இதே முறையில் 495-இல் முடிகின்றன. ஈரிலக்க எண்களுக்கு நிலையான முடிவு இல்லை. 09, 81, 63, 27, 45 எனச் சுழல்கின்றன. ஐந்திலக்கத்திலும் மாறிலி இல்லை. எடுத்துக்காட்டாக, 53955-உம் 59994-உம் ஒன்று மற்றொன்றைத் தந்துகொண்டே இருக்கும். ஆறிலக்கத்தில் 549945, 631764 என இரண்டு எண்கள் தம்மையே திரும்பத் தருகின்றன. எல்லா எண்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பண்பு எத்தனை அரியது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

பிற பண்புகள்

6174 = 2 × 3² × 7³. இதை 18 + 18² + 18³ என்றும் எழுதலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 18 தான்; அது 6174-ஐ மீதியின்றி வகுத்து 343-ஐத் தருகிறது. தம் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் இத்தகைய எண்களுக்கு 'ஹர்ஷத் எண்கள்' என்று பெயரிட்டவரும் கப்ரேகரே.