லவால் வாத்தியாரும் பெய்ரோனி வாத்தியாரும்



மகன் வீட்டில், போர்தோ நகரத்தில், இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். "சார், ஈபிள் டவர் போட்டோ ஒண்ணு கூட போடலையே" என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன், பெரிதாகத்தான் இருக்கிறது. நான் எழுத நினைப்பது வேறோர் இடத்தைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பிலேயே என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்தோவிலிருந்து கிழக்கே இரண்டு இரண்டரை மணி நேரம் காரில் போனால் தோர்தோன் மாவட்டம் வரும். பழைய பெயர் பெரிகோர். முழுக்க நாட்டுப்புறம். அக்ரூட் தோப்பு, வாத்துப் பண்ணை, தேன் நிறத்தில் சுண்ணாம்புக்கல் வீடுகள். தோர்தோன் ஆற்றின் ஒரு கரையில் பெய்நாக் கோட்டை, எதிர்க்கரையில் காஸ்தெல்நோ கோட்டை. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கிய போர், இங்கே ஒரு கரையிலிருந்து மறு கரையைக் கண்ணால் முறைத்துக்கொள்ளும் தூரத்தில் நடந்திருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு அந்த ஆற்றில் வந்து சேரும் வெசேர் என்ற சின்ன ஆற்றின் கதை.

வெசேர் ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அடிப்பாகம் உள்வாங்கி, மேல்பாகம் தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. மழைக்கு ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆதி மனிதனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். லெ ஸெய்ஸி என்ற ஊரில் 1868ஆம் ஆண்டு ரயில் பாதை வேலைக்காக மண் வெட்டியபோது எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்தப் பாறை ஒதுக்கிடத்தின் பெயர் க்ரோ மாஞோன். ஆமாம், நம் பாடப்புத்தகத்துக் குரோமேக்னன் மனிதன்தான். முப்பது வருடம் நான் நடத்திய பெயர், ஒரு தங்கும் விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாறைப் பள்ளத்தின் பெயர் என்று அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது.

அந்த ஊர்ப் பள்ளியில் டெனி பெய்ரோனி என்று ஓர் ஆசிரியர் இருந்தார். தொடக்கப்பள்ளி வாத்தியார். ஓய்வு நேரத்தில் குகை குகையாக ஏறி இறங்குவது அவர் வழக்கம். 1901 செப்டம்பர் 8ஆம் தேதி, லூயி காபித்தான் என்ற மருத்துவரும் அன்ரி ப்ரெய் என்ற இளம் பாதிரியாரும் அவரும் சேர்ந்து கொம்பாரெல் குகையில் விலங்குச் செதுக்கல்களைக் கண்டார்கள். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, பெய்ரோனி பக்கத்திலிருந்த ஃபோன் தெ கோம் குகைக்குள் போனார். சுவரில் வண்ண ஓவியங்கள்! காட்டெருமை, குதிரை, மாமூத் யானை.

இதில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். ஃபோன் தெ கோம் யாருக்கும் தெரியாத குகை அல்ல. ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாக உள்ளே புகுந்து விளையாடிய இடம். சுவரில் தங்கள் பெயரைக் கீறியும் வைத்திருக்கிறார்கள், ஓவியத்தின் மேலேயே. அத்தனை பேர் அத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காததை, என்ன தேடுகிறோம் என்று தெரிந்த ஒருவர் விளக்கைத் தூக்கிப் பிடித்த அன்றைக்குத்தான் அது ஓவியமானது. பின்னாளில் பெய்ரோனியின் முயற்சியால் 1913இல் அந்த ஊர்ப் பழைய கோட்டையை அரசாங்கம் வாங்கியது. இன்று அது தேசிய அருங்காட்சியகம்.

இப்போது இரண்டாவது வாத்தியார். ஆற்றோடு மேலே போனால் மொந்திஞாக் என்ற சிற்றூர். 1940ஆம் ஆண்டு. ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுவிட்டது. மாவட்டம் முழுக்க அகதிகள். செப்டம்பர் 8 அன்று மார்செல் ரவிதா என்ற மெக்கானிக் பையன் நண்பர்களோடும் ரோபோ என்ற நாயோடும் லாஸ்கோ குன்றுக்குப் போனபோது, மரம் விழுந்த இடத்தில் ஒரு பொந்தைக் கண்டான். புதையலுக்குப் போகும் சுரங்கப்பாதை என்று ஊரில் ஒரு கதை உண்டு. 12ஆம் தேதி விளக்கோடும் கத்தியோடும் திரும்பி வந்தான். கூட வந்தவர்கள் ழாக் மார்சால், ழோர்ழ் அஞ்ஞெல், சிமோன் கொயன்காஸ். பொந்தைப் பெரிதாக்கி, சரிந்து உள்ளே விழுந்து, விளக்கைத் தூக்கினால் தலைக்கு மேல் மாடுகள்! (தேதிகளைக் கவனித்தீர்களா? 8, 12. அதே செப்டம்பர், 39 வருடம் தள்ளி. தேர்வில் கேட்டால் யாரும் மறக்க மாட்டீர்கள்.)

பையன்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள் தெரியுமா? போலீசிடம் அல்ல, ஊர்த்தலைவரிடமும் அல்ல. பள்ளிக்கூட வாத்தியார் லெயோன் லவாலிடம். பசங்கள் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அதுவும் நியாயம்தானே, எனக்கு நீங்கள் காட்டாத விளையாட்டா? ஆனாலும் போனார். அந்த வயதில் பொந்துக்குள் இறங்கினார். பார்த்தார். வெளியே வந்து அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: யாரும் தொடக் கூடாது, யாரையும் தொட விடவும் கூடாது. ரவிதாவும் மார்சாலும் குகை வாயிலில் கூடாரம் போட்டுக் காவல் இருந்தார்கள். சில நாளில் அன்ரி ப்ரெய் வந்து பார்த்து உறுதி செய்தார். 1901இல் இளம் பாதிரியார், இப்போது வயது அறுபதைத் தாண்டியவர். அந்த வருடம் டிசம்பரிலேயே குகை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நால்வரில் சின்னவன் சிமோனுக்கு அப்போது 13 வயது. யூதக் குடும்பம். சில நாளிலேயே குடும்பம் பாரிசுக்குத் திரும்பியது. பெற்றோர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். சிறுவன் என்பதால் சிமோன் திராந்சி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தப்பினார். 2020ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசும் எல்லோரும் நாயைப் பற்றிச் சொல்கிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

லாஸ்கோ ஓவியங்களுக்கு வயது ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு மேல். இரும்பு, மாங்கனீசு கலந்த மண்ணைக் குழைத்து, கொழுப்பு விளக்கின் வெளிச்சத்தில் தீட்டியவை. ஒரு காளை மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். மேலே நீர் கசியாத மண்ணடுக்கு இருந்ததால் குகை உலர்ந்தே இருந்து, இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. தாங்க முடியாமல் போனது நம்மை.

1948இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல். யாரும் கீறவில்லை, யாரும் தொடவில்லை. மூச்சு மட்டும் விட்டார்கள். மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து, சுவரில் பச்சையாகப் பாசி படர்ந்தது. ஓவியத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படலம் ஏறத் தொடங்கியது. 1963 ஏப்ரலில் பண்பாட்டு அமைச்சர் அந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். இன்றும் மூடியேதான் இருக்கிறது. மூடிய பிறகும் 2001இல் பூஞ்சணம் வந்து பெரும்பாடாகிவிட்டது. நாம் பார்ப்பது நகல். முதல் நகல் 1983இல், முழுக்குகையின் நகல் 2016இல். பேரன் நகலென்று தெரியாமல் வாயைப் பிளந்தான். நான் தெரிந்தே பிளந்தேன்.

அசல் வண்ண ஓவியம் பார்க்க வேண்டுமானால் பெய்ரோனியின் ஃபோன் தெ கோம்தான். ஒரு நாளைக்கு மிகச் சிலரைத்தான் விடுகிறார்கள். மருமகள் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்திருந்தாள். பை, கேமரா எல்லாம் வெளியே. இடுக்கில் முழங்கையை ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஓர் இடத்தில் ஆண் கலைமான் குனிந்து, மண்டியிட்ட பெண் மானின் நெற்றியை நக்குகிறது. வழிகாட்டிப் பெண் விளக்கைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தியபோது அந்த நாக்கு தெரிந்தது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பெயர் கீறல். விளக்கு அதன் மேலும் பட்டது.

அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1987ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். சைக்கிளில் நம் பள்ளிக்குக் கிழக்கே உள்ள குன்றுக்குப் போனோம். புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். மேலே பாறை ஒதுக்கிடத்தில், நீங்கள் சிலர் "சார், பேரு எழுதட்டுமா?" என்று கேட்டீர்கள். பெயிண்ட் டப்பாவோடு வந்தவன் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நான் என்ன சொன்னேன்? "ஓரமா எழுதுங்கடா." அதுதான் சொன்னேன். சரித்திர வாத்தியார் சொன்னேன்.

அந்தப் பாறையில் காவி நிறத்தில் சில கோடுகள் இருந்தன. ஒன்று மாட்டுக்கொம்பு போல. ஆடு மேய்ப்பவர்கள் கிறுக்கியது என்று நினைத்து அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிறுக்கலாகவே இருக்கலாம். ஆனால் லவால் மாதிரி நான் விளக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது முழங்கால் ஏறவிடாது. ஊரில் இருக்கிறவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பெயிண்டைத் துடைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், சுண்ணாம்புக் கட்டியால் கோட்டின் மேல் வரைந்து தெளிவாக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் டார்ச் அடித்து நாலைந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தொல்லியல் துறைக்கு நானே கடிதம் எழுதுகிறேன். தேனடை இருக்கும், கவனம்.