போடிமெட்டுக் காத்தும் சித்தப்பாவோட பாய்மரமும்

எங்க போடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணுமே இல்லைன்னுதான் போன வருஷம் வரைக்கும் சொல்லியிருப்பேன். மேற்கே மலை, கிழக்கே பொட்டல். எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாம போனாத்தான் அலையைப் பார்க்க முடியும்.

இப்போ என்ன ஆச்சுன்னா, சித்தப்பா சரக்குக் கப்பல்ல எஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆகி, போடிமெட்டுக்கு மேல நாலு ஏக்கர் ஏலத்தோட்டத்தோட உட்கார்ந்திருக்கார். அறுபத்தொண்ணு வயசு. தன்னோட வேலை பார்த்த ஒரு நண்பரோட சேர்ந்து முப்பதடிப் பாய்மரப் படகு வாங்கி, கொச்சியிலேர்ந்து செய்ஷெல்ஸ் வரைக்கும் போறதுன்னு முடிவு பண்ணிட்டார். சுமார் 1500 கடல் மைல். சித்தி எனக்கு போன் போட்டு, "நீ பழைய கதையெல்லாம் படிக்கிறவன்தானே, இந்த வயசுல போனவன் எவனாச்சும் உருப்பட்டானான்னு பார்த்துச் சொல்லுப்பா, அவருகிட்ட காட்டணும்"னு அழுதாங்க.

தேடினேன். சித்திக்கு உதவற மாதிரி ஒண்ணும் சிக்கலைங்கறதுதான் பிரச்சினை :-)

பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1966ல தனியா உலகத்தைச் சுத்தக் கிளம்பினப்போ அவருக்கு 64 வயசு. வழியில சிட்னியில மட்டும் நின்னுட்டு, 1967 மே மாசம் ஊர் வந்து சேர்ந்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இன்னும் நமக்குப் பக்கம். எங்கேயும் நிக்காம தனியா உலகத்தைச் சுத்தின முதல் ஆள். 1969ல அவர் சுத்தி முடிச்ச 'சுஹைலி' நம்ம பம்பாயில கட்டின தேக்குப் படகு. அதே மனுஷன் 67 வயசுல, 2006ல, மறுபடியும் ஒரு உலகப் பந்தயத்துக்குக் கிளம்பி நாலாவதா வந்தார்.

அந்தப் பந்தயத்துக்கு முன்னாடி ஸ்பெயின்ல பில்பாவ் துறைமுகத்துல அவரோட படகுல கூடமாட வேலை செஞ்சு தொழில் கத்துக்கிட்டவர் நம்ம கடற்படை அதிகாரி திலீப் தோண்டே. அவரை அனுப்பி வச்ச திட்டத்துக்குப் பின்னாடி இருந்தவர்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச ஆள்: வைஸ் அட்மிரல் மனோகர் ஆவட்டி. 1971 போர்ல கப்பல் நடத்தினவர். ரிட்டையர் ஆனப்புறம் சத்தாரா மாவட்டத்துல விஞ்சூர்ணிங்கற வறண்ட கிராமத்துல போய்க் குடியிருந்தார். நம்ம போடி மாதிரி அங்கேயும் கடல் கிடையாது. அங்கே உட்கார்ந்துக்கிட்டு, ஓர் இந்தியன் தனியா உலகத்தைச் சுத்தணும்னு கடற்படையை நச்சரிச்சார். 2006ல தோண்டே கை தூக்கினப்போ ஆவட்டிக்கு எழுபத்தெட்டு வயசு.

அப்புறம் கோவாவுல ரத்னாகர் தண்டேகரோட பட்டறையில 'மாதேய்' படகு கட்டினாங்க. 56 அடி. தோண்டே கூடவே நின்னார். 2009 ஆகஸ்ட் 19 மும்பையில கிளம்பி, நாலு துறைமுகத்துல நின்னு, 2010 மே மாசம் திரும்பினார். கணக்குப் பாருங்க: பயணம் ஒன்பது மாசம், ஆயத்தம் மூணு வருஷத்துக்கு மேல. சித்தப்பா மூணே மாசத்துல கிளம்பறேன்னு சொல்லிட்டிருந்தார். கேட்டு எனக்கு வயித்தைக் கலக்கிச்சு.

அபிலாஷ் டோமி கதையையும் சொல்லணும். 2018ல தென் இந்தியப் பெருங்கடல்ல புயல்ல பாய்மரம் முறிஞ்சு, முதுகெலும்பு அடிபட்டு, நகர முடியாமப் படகுக்குள்ளேயே கிடந்தவர். பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுக்க மூணு நாள் ஆச்சு. முதுகுல டைட்டானியம் கம்பி வச்சுத் தைச்சாங்க. 2021ல கடற்படையிலேர்ந்து ஓய்வு வாங்கி, 2022ல அதே பந்தயத்துக்கு, ஜிபிஎஸ் இல்லாம செக்ஸ்டண்டும் காகித வரைபடமும் வச்சுக்கிட்டு மறுபடி போய், 2023 ஏப்ரல்ல ரெண்டாவதா வந்தார். இதைச் சித்திகிட்ட பாதிதான் சொன்னேன்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்லை. வல்வெட்டித்துறையில கட்டின 89 அடி 'அன்னபூரணி'யை ராபின்சன்ங்கற அமெரிக்கர் வாங்க, அந்த ஊர்க்காரங்களே மாலுமிகளா இருந்து ஓட்டிக்கிட்டுப் போக, 1938ல அது அமெரிக்காவுல குளௌசெஸ்டர் போய்ச் சேர்ந்தது. 2024 அக்டோபர்ல கோவாவுல கிளம்பி 2025 மே மாசம் திரும்பின 'தாரிணி'யில இருந்த ரெண்டு பெண்கள்ல ஒருத்தர் நம்ம புதுச்சேரி ரூபா அழகிரிசாமி.

போன ஜூன்ல மேல போயிருந்தேன். சாரலடிச்சு, கொண்டை ஊசி வளைவெல்லாம் மூட்டம். தென்மேற்குக் காத்து ஸ்டோர் தகரத்தைத் தடதடன்னு ஆட்டிச்சு. "இந்தக் காத்துதாண்டா ரோமாபுரிக் கப்பலையெல்லாம் முசிறிக்குத் தள்ளிட்டு வந்தது, நம்ம மலைச் சரக்குக்காக"ன்னார் சித்தப்பா. அப்படியே, "இந்த மாசத்துல சின்னப் படகை எடுக்கறவன் முட்டாள். வாடைக்காத்து அடிக்கிற ஜனவரியிலதான் போகணும்"னும் சொன்னார்.

சரின்னு தோண்டே கணக்கை எடுத்து வச்சேன். ஒரு நாளைக்கு நூறு மைல்னா பதினஞ்சு நாள். நிலநடுக்கோட்டுக்கிட்ட காத்து செத்துப் போகும், அதனால முப்பது நாள்னு வச்சுக்கணும். ஆளுக்கு நாலு லிட்டர்னா ரெண்டு பேருக்கு 240 லிட்டர் தண்ணி. ராத்திரி முழிப்பு முறை வச்சு. படகுல ஓட்டை விழுந்தா என்ன, பல்வலி வந்தா என்ன, உங்க நண்பருக்கு நெஞ்சுவலி வந்தா தனியா திருப்பிக்கிட்டு வருவீங்களா? கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லலை. ரொம்ப நேரம் ஏலக்காயைப் பொறுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில ஜனவரியை ரெண்டு வருஷம் தள்ளி எழுதி, காலண்டர்ல ஒட்டியிருந்தார். முதல் வருஷம் கொச்சியிலேர்ந்து லட்சத்தீவு வரைக்கும் மட்டும், அதுவும் ஒவ்வொருத்தரும் தனியா ஓட்டத் தெரிஞ்சுக்கிட்டு.

சித்தி அந்தத் தாளையே பார்த்துட்டு நின்னாங்க. அப்புறம் என்கிட்ட, "ஏம்பா, 240 லிட்டர்னா இருபது லிட்டர் கேன் பன்னண்டு வேணுமில்ல? அதைப் படகுல எங்கே வைப்பாரு?"ன்னாங்க.