சொல் எடுபட வேண்டாமா?

நம் ஊர்களில் ஒருவருக்குச் செல்வாக்கு இருக்கிறதா என்று அறிய அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அவர் சொல் எடுபடுகிறதா என்று விசாரித்தால் போதும். "அவர் ஒரு வார்த்தை சொன்னால் தாசில்தார் கேட்பார்" என்று பெயர் வந்துவிட்டதா? நாலு காணி நஞ்சை வாங்கியதற்குச் சமானம்.

இந்தப் பெயர் ஒரு சட்டசபைக் கட்சியில் எவருக்குமே கிட்டாமல் செய்த மனிதர் ஒருவர் உண்டு. திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் 1895-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார்தான் அவர். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. (முதல் மந்திரியை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.)

இரண்டே வருஷம். அதற்குள் ஹரிஜனங்களுக்குக் கோயில் கதவு சட்டப்படி திறந்தது. தேவதாசி முறைக்குத் தடை வந்தது. ஜமீன்களை ஒழிக்க 1948-ல் சட்டம் பிறந்தது. அதே வருஷம் காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. இவற்றில் ஒன்றைச் செய்திருந்தாலே ஒரு மந்திரிசபை பேர் சொல்லிக்கொள்ளலாம். பிறகு ஏன் போனார்? எதிர்க்கட்சி கவிழ்க்கவில்லை. சொந்தக் கட்சிதான் கைவிட்டது.

அந்தக் கட்சியும் லேசுப்பட்டதல்ல. 1946-ல் மேலிடம் ராஜாஜியை விரும்பியபோது, மாட்டோம் என்று சொல்லிப் பிரகாசத்தைப் பிரதம மந்திரியாக்கியது. அவரையும் ஒரு வருஷம் நிறைவதற்குள் இறக்கியது. அதன் பிறகு, பதவியே வேண்டாமென்று தயங்கி நின்ற ரெட்டியாரை உட்கார வைத்தது. தயங்குகிறவர் நம் சொல்லைக் கேட்பார் என்று நினைத்தார்களோ என்னவோ! உட்கார்ந்தவர், கட்சிக்காரர்கள் நிர்வாகத்தில் தலையிடக்கூடாது என்றார். சிபார்சு என்றாலே அவருக்கு ஆகாது.

நியாயம்தானே? சந்தேகமென்ன! ஒரு சீட்டுக்குப் பணிந்த உத்தியோகஸ்தர் நாளைக்குப் பத்துச் சீட்டுக்குப் பணிவார். ஒருவருக்குச் சிபார்சில் கிடைத்த மாற்றல், சிபார்சு இல்லாத இன்னொருவருக்குச் சேரவேண்டியது. ரெட்டியாரின் கணக்கில் தப்பே கிடையாது.

ஆனால் என்னைக் கதை எழுதச் சொன்னால் ரெட்டியாரை எழுதமாட்டேன். அவரைப் பார்க்கப் போன அங்கத்தினரை எழுதுவேன். தென்னாற்காட்டுக் கிராமத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1942-ல் ஜெயிலுக்குப் போய்க் கரைந்து திரும்பியவர். சுயராஜ்யம் வந்தாயிற்று. 'இனி நம் ஆள் பேச்சுத்தான்' என்று ஊர் எதிர்பார்க்கிறது. ஜிப்பாப் பையில் ஏழெட்டு மனுக்களுடன் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறுகிறார். திண்டிவனம் தாண்டும்போது மனுக்களை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். எழும்பூரில் இறங்கிக் கோட்டைக்குப் போகிறார். மறுநாள் அதே மனுக்களுடன் ஊர் திரும்புகிறார். திண்ணையில் காத்திருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வார்? அவர் கேட்டது லஞ்சமல்ல; அநேகமாக அந்த மாற்றல்கூட அல்ல. 'உங்களுக்காகப் பேசினேன், காது கொடுத்துக் கேட்டார்' என்று சொல்ல ஒரு வாக்கியம். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படிப் பலர் சேர்ந்தால் ஒரு மந்திரிசபை போகாமல் என்ன செய்யும்?

1952 தேர்தலில் வடதமிழ்நாட்டு ஜில்லாக்களில் காங்கிரஸுக்கு நல்ல அடி. ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடம், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடம். காங்கிரஸிலும் சர்க்கார் உத்தியோகத்திலும் எங்களை யார் கேட்கிறார்கள் என்ற வன்னியர்களின் மனக்குறைதான் அவ்வளவு ஓட்டாயிற்று. இதை ரெட்டியார் தலையில் கட்டுவது அநியாயம்; அவர் போய் மூன்று வருஷமாகியிருந்தது. ஆனாலும் மண் ஒன்று, ஏக்கமும் ஏறக்குறைய ஒன்று. நாயக்கரை ராஜாஜி உடனே மந்திரியாக்கினார். படையாட்சியாரைக் காமராஜர் 1954-ல் சேர்த்துக்கொண்டார்.

காமராஜர் கெட்டிக்காரர். மனுவுடன் வந்தவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். ஆகுமா ஆகாதா என்பது வேறு விஷயம். வந்தவர் ஊருக்குத் திரும்ப அதுவே போதும். ஒன்பது வருஷம் ஆண்டார். அந்த இரண்டு வார்த்தையை ரெட்டியாரால் சொல்லியிருக்க முடியாது. நடக்காது என்று தெரிந்த பின் 'பார்க்கலாம்' என்றால் அவர் கணக்கில் அது பொய். எனக்கோ அதில் பாதி பொய், பாதி தயை என்றுதான் படுகிறது.

பதவி போனதும் அவர் வள்ளலாரின் வடலூருக்குப் போய்விட்டார். அநாதைக் குழந்தைகளும் பள்ளிக்கூடமுமாகக் காலம் கழிந்தது, 1970-ல் காலமானார். சென்னையில் ஓமந்தூரார் தோட்டம் என்று அவர் பெயரால் ஓர் இடம் இருக்கிறது. 2010-ல் சட்டசபைக்கென்று அங்கே புதுக் கட்டடம் திறந்தார்கள். அங்கத்தினர்கள் ஒரு வருஷம்போல அதில் உட்கார்ந்து பேசினார்கள். 2011-ல் பழைய கோட்டைக்கே திரும்பிவிட்டார்கள். 2014-லிருந்து அது ஆஸ்பத்திரி.